முதல் ஆசிரியரின் தனிமை

ஆசிரியரைப் புகழ்வதில் தமிழுக்கு என்றுமே குறைவிருந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை காட்டினார். அரபு மொழியிலும் அவ்வாறே. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில், மாணவரைத் தம் மக்களாக எண்ணிப் பரிவு காட்டுவதை ஆசிரியரின் முதற் கடமையாக வைத்தார். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஆசிரியர் எவ்வாறிருக்க வேண்டும் என்று கூறிய நாம், நேற்றுவரை மாணவராயிருந்த ஒருவர் அந்நிலையை எய்துமளவும் அவரைத் தாங்குவோர் யார் என்று கேட்டோமா?

இவ்வினாவை நம்முள் எழுப்பியவர் புலவர் எவருமல்லர். தாம்பரத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியை. சிறு வயதில் நம்மிடம் ஓதியவர். மதுராந்தகத்திற்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தார். 2022-ஆம் ஆண்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வழியே அமர்த்தப்பட்ட இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றே முதலில் அறிவித்தனர்; பின்னர் அது 12,000 ஆயிற்று. அத்தொகைக்காக அவர் விடியலில் மின்சார ரயிலேறிச் செங்கற்பட்டில் இறங்கி, பேருந்து மாறி, எஞ்சிய தொலைவை நடந்து கடப்பார். மகள் இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புவதைக் கண்ட தந்தை நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், நீங்கள் சொன்னால் கேட்பாள், நிறுத்திவிடச் சொல்லுங்கள்" என்றார்.

நாம் நிறுத்தச் சொல்லவில்லை. பொறுமையை உபதேசித்து, ஒரு நூலையும் கையில் கொடுத்தனுப்பினோம். கிர்கிஸிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962-இல் எழுதிய "முதல் ஆசிரியர்" என்னும் குறுநாவல் அது. பத்து நாள் கழித்து நூலைத் திருப்பித் தந்தவர் கேட்டார்: "அழுதுகொண்டேதான் படித்தேன், ஹஜ்ரத். ஆனால் துய்ஷேனுக்குப் பக்கத்தில் ஒருவருமே இல்லையே. நானும் அப்படியே இருந்துவிட வேண்டும் என்றா கொடுத்தீர்கள்?"

நமக்கு விடை தோன்றவில்லை. நூலை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

1924-ஆம் ஆண்டளவில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றுக்குத் துய்ஷேன் என்னும் இளைஞன் வருகிறான். தானே தட்டுத் தடுமாறிப் படிப்பவன். கைவிடப்பட்ட குதிரைக் கொட்டிலைத் தன் கையாலேயே செப்பனிட்டுப் பள்ளியாக்குகிறான். குளிரில் உறையும் ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தோளில் சுமக்கிறான், ஊர் நகைக்கிறது. அல்தினாய் என்னும் அநாதைச் சிறுமியை மணம் என்ற பெயரில் விற்க முனையும்போது, தடுக்கச் சென்று அடிபட்டுக் கையொடிகிறான். பின்னர் அவளை மீட்டு நகருக்குப் படிக்க அனுப்புகிறான். ஆண்டுகள் பல கழிந்து, பேரறிஞராகிவிட்ட அல்தினாய் அதே ஊரில் புதிய பள்ளியின் திறப்பு விழாவுக்கு வருகிறார். விருந்து நடக்கும் வீட்டு வாசலுக்குத் தந்திகளைக் கொண்டுவந்து தந்துவிட்டு, உள்ளே அமராமல் போகிறார் முதிய தபால்காரர் ஒருவர். அவர்தாம் துய்ஷேன்.

இக்கதையை நாம் இதுகாறும் தியாகத்தின் காவியமாகவே படித்து வந்தோம். அது பிழையான வாசிப்பு என்பதை இப்போது உணர்கிறோம். ஆசிரியர் புகழுரை எழுதவில்லை, குற்றப்பத்திரிகை எழுதியிருக்கிறார். துய்ஷேனுக்கு எழுத்துக் கற்பிக்கும் முறையைச் சொல்லித் தந்தார் எவருமில்லை. ஊரார் வைக்கோல்கூடக் கொடுக்க மனமற்றிருந்தனர். பிற்காலத்தில் அவனது அரைகுறைப் படிப்பை நினைத்து விருந்தில் சிரிக்கின்றனர். அல்தினாய் நாணத்தால் குன்றி ஊரை விட்டுப் புறப்படுவதும், புதிய பள்ளிக்குத் துய்ஷேனின் பெயரை வைக்க வேண்டும் என்று எழுதுவதும் அந்தக் குற்றத்தின் ஒப்புதலே. நாமோ அக்குற்றத்தை இலட்சியமாக்கி, ஓர் இளம்பெண்ணின் கையில் பரிசாகக் கொடுத்தோம்.

இதற்கு எதிர்முகமாக நிற்கும் நூலொன்றும் தமிழில் உண்டு. குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்காவின் "பகல் கனவு" அது. அதில் வரும் லட்சுமிராம், கல்வி அதிகாரியிடம் நான்காம் வகுப்பைக் கேட்டுப் பெறுகிறார். வீட்டில் அழகாகத் தீட்டிய திட்டம் முதல் நாளே பிள்ளைகளின் கூச்சலில் சிதறுகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்கிய பிறகே வகுப்பு அவர் வசமாகிறது. இந்நூலைப் போற்றுவோர் கதையையும் விளையாட்டையும் போற்றுகின்றனர். நாம் போற்றுவது அந்த அதிகாரியை. ஐயம் உடையவராயினும், அவர் ஓராண்டுக் காலம் தந்தார். தடுமாற்றத்தைக் கண்டு கதவடைக்கவில்லை. லட்சுமிராமின் திறமை வெளிப்படுவதற்கு முன்பே அவரைக் காத்தது அந்தப் பொறுமைதான்.

இனி, நம் மாவட்டத்து நிலைக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர். வகுப்புகளோ ஐந்து. தலைமையாசிரியர் கூட்டத்திற்கோ பதிவேட்டு வேலைக்கோ சென்றுவிட்டால், ஐந்து வகுப்பும் புதியவர் தலையில். நம் ஆசிரியையும் இரண்டாம் வாரமே இந்நிலையில் நின்றார். மூன்றாம் வகுப்பிற்குக் கழித்தல் சொல்லும்போது முதல் வகுப்புப் பிள்ளை அழுகிறது; ஐந்தாம் வகுப்பு வாசலில் நிற்கிறது. எதை விடுவது, எதைப் பிடிப்பது?

பயிற்சியே இல்லை என்று நாம் கூறவில்லை. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. வட்டார வள மையங்களும் உள்ளன. 2022-இல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்துக் கற்பிக்க வழி செய்தது. நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளைக்கு அரும்பென்றும் மொட்டென்றும் படி வகுத்த நாம், ஆசிரியரை மட்டும் முதல் நாளே மலராக எதிர்பார்க்கிறோம். பயிற்சி நாளில் கையேடு கிடைக்கிறது. அந்தக் கையேட்டிலில்லாத ஐயம் பள்ளியில் எழும்போது அருகில் ஆளில்லை.

நம் பழைய மத்ரஸாக்கள் இதனை அறிந்திருந்தன. பக்தாதிலும் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் முதர்ரிஸுக்குத் துணையாக "முஈத்" என்றொருவர் இருப்பார். ஆசிரியர் நடத்திய பாடத்தை மாணவர்க்குத் திரும்ப விளக்குவது அவர் பணி. பெரியவர் முன்னிலையில் சிறுகச் சிறுகக் கற்பித்தே அவர்களுட் பலர் முதர்ரிஸ் ஆயினர். இந்நாளில் ஜப்பான், 1988-இல் சட்டம் திருத்தி, 1989 முதல் புதிய ஆசிரியர்க்கு ஓராண்டுப் பயிற்சியை, வழிகாட்டும் மூத்த ஆசிரியருடன் கட்டாயமாக்கியது. ஸ்காட்லாந்து 2002 முதல் புதியவருக்குப் பாடவேளையைக் குறைத்து, கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்கியது. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் வழிகாட்டுதலுக்கெனத் தேசிய இயக்கமொன்றைக் குறிப்பிடுகிறது. ஏட்டிலுள்ள அச்சொல் மதுராந்தகத்து வயல் நடுவிலுள்ள பள்ளியை எட்ட வேண்டும். புதியவர் ஒருவருக்கு, அண்மைப் பள்ளியின் மூத்தவர் ஒருவர், வாரம் ஒரு முறையேனும் என்று பெயர் குறித்து ஒப்படைத்தாலன்றி அது எட்டாது. அந்த மூத்தவர் மதிப்பெண் போடும் மேலாளராக வரலாகாது. வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, பிறகு தாமே பாடம் நடத்திக் காட்டுபவராக வர வேண்டும்.

அரசின் கடமையைச் சொன்னோம். நம் கடமை யாது? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் என நெடுகிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் மஹல்லாக்களிலேயே இருக்கின்றனர். மகள் ஆசிரியையானால் பெருமை கொள்ளும் நாம், முதலாண்டின் கண்ணீரைக் கண்டதும் "இந்தப் பாடு எதற்கு?" என்கிறோம். உடன் நிற்பதும் நிறுத்திவிடுவதும் ஒன்றல்ல. இரவில் மறுநாள் பாடத்தை ஒருவரோடு பேசிப் பார்க்கும் அரைமணி நேரத்தை வீடும் கொடுக்கலாம், மஹல்லாவும் கொடுக்கலாம்.

நம் தெருவில், 30 ஆண்டுகள் சிற்றூர்ப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அப்பெண்ணை அழைத்துச் சென்றோம். உபதேசம் ஏதும் அவர் செய்யவில்லை. ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு, "உன் பிள்ளைகள் எங்கெங்கே உட்காருகிறார்கள், காட்டு" என்றார். இருவரும் அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தனர். நாம் வாசலில் இருந்தோம். தந்தையிடம், "இந்த ஆண்டு முடியட்டும், அதன்பின் அவளே சொல்லட்டும்" என்று கூறியிருக்கிறோம். அவர் இன்னும் இசைந்தாரில்லை, மறுக்கவுமில்லை.

அந்த நூல் நம் அலமாரியில்தான் இருக்கிறது. இனி அதை இளம் ஆசிரியர் எவருக்கும் நாம் தனியே கொடுப்பதாயில்லை. முதலில் அவர்தம் பெற்றோரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கொடுத்துவிட்டுத்தான் கொடுப்போம்.