ஊழியன் எனும் பட்டமும் உயர்ந்த பீடமும்

குனிந்த முதுகைக் கண்டதும் கைகூப்பிவிடும் பழக்கம் நம் நாட்டவருக்கு மட்டும் உரியதன்று. அது உலகெங்கும் உண்டு. 2013 மார்ச் 28 அன்று, பீடமேறிப் பதினைந்தே நாளான போப் பிரான்சிஸ், ரோம் நகரின் காசல் தெல் மார்மோ இளையோர் சிறைக்குச் சென்றார், மண்டியிட்டார், பன்னிரு இளங்கைதிகளின் கால்களைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். அவர்களுள் இருவர் பெண்கள், இசுலாமியரும் இருந்தனர். ஆணின் காலைத்தான் கழுவலாம் என்பது அதுவரை விதி. மீறியவரே 2016இல் அவ்விதியை மாற்றவும் செய்தார். இதனை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. பாராட்டத்தக்கதைப் பாராட்டும் நேர்மை பகுத்தறிவாளனுக்கு வேண்டும்.

எனினும், ஒரு வினா எழுகிறது. கழுவப்பட்ட கால், மறுநாள் கழுவியவரின் வாயிலுக்கு நடந்து சென்று கணக்குக் கேட்க முடியுமா?

'கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன்' என்பது போப்பாண்டவரின் பட்டங்களுள் ஒன்று. அதை வழக்கில் நிலைபெறச் செய்தவர் முதலாம் கிரிகோரி (590–604). அந்த 'ஊழியன்' பின்னாளில் மும்முடி தரித்தான். பல்லக்கு நாற்காலியில் அமர்ந்து மனிதர் தோளில் ஊர்வலம் வந்தான்! முடிசூட்டு விழா 1963 வரை நடந்தது. தோளேறும் வழக்கம் 1978இல்தான் ஓய்ந்தது. (இன்று கிறித்தவ மேடைகளில் முழங்கும் 'ஊழியத் தலைமை' எனும் தொடரை, 1970இல் கட்டுரை எழுதிப் பரப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றின் ஓய்வுபெற்ற அதிகாரி!)

சிறையில் கால் கழுவப்பட்ட அதே 2013ஆம் ஆண்டு, செருமனியின் லிம்பர்க் பிஷப் தமக்கெழுப்பிய மாளிகைக்கு 31 மில்லியன் யூரோ செலவான செய்தி வெடித்தது. மறு ஆண்டு அவர் பதவி துறந்தார். அவரை விலக்கியது எது? மக்கள் வாக்கா? இல்லை, ரோமின் முடிவு.

ஊழியன் என்றால் அவனுக்கு எசமானர் உண்டன்றோ? மக்களே எசமானர் என்றால், ஊழியனை நீக்கும் உரிமை அவர்களுக்கு எங்கே? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினோம். மக்கள் இடம்பெறும் மறைமாவட்ட மேய்ப்புப்பணிப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. முடிவு பிஷப்பின் கையில். எசமானர் ஊழியனை விலக்க வழியில்லை. ஊழியனோ எசமானரைச் சபையை விட்டே விலக்கலாம்! எந்த வீட்டில் காண்போம் இப்படி ஒரு வேலைக்காரனை?

சிலி நாட்டுக்கு வருவோம். அங்கே காரடிமா எனும் பாதிரியார் சிறார்மீது இழைத்த பாலியல் கொடுமையை 2011இல் வத்திக்கானே உறுதிசெய்தது. அவருக்கு நெருக்கமானவர், கொடுமையைக் கண்டும் வாளாவிருந்தவர் என்று பாதிக்கப்பட்டோர் சுட்டிய ஹுவான் பாரோஸ், 2015இல் ஓசோர்னோ நகரின் பிஷப் ஆக்கப்பட்டார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பதவியேற்ற நாளில் கறுப்புடை அணிந்த மக்கள் பேராலயத்துக்குள்ளேயே எதிர்ப்பு முழக்கம் எழுப்பினர். பக்தர்கள்தாம் அவர்கள், நாத்திகர் அல்லர்!

2018 ஜனவரியில் சிலி சென்ற போப்பாண்டவர், ஆதாரமில்லை, எல்லாம் அவதூறு என்று கூறிவிட்டார். கைதியின் காலடியில் குனிந்தவர்தாம் அவர். ஆனால், பாதிக்கப்பட்டவன் வாய்திறந்தபோது குனிய வேண்டியது முதுகன்று, செவி. அது அன்று குனியவில்லை.

கண்டனம் கடல்போல் எழுந்தது. விசாரணைக்கு ஆள் அனுப்பினார். 64 பேரின் சாட்சியத்தோடு 2,300 பக்க அறிக்கை வந்தது. ஏப்ரலில் போப்பாண்டவர் எழுதினார்: தாம் கடுந்தவறு செய்ததாக. பாதிக்கப்பட்டோரை அழைத்து மன்னிப்புக் கேட்டார். மே மாதம் சிலியின் பிஷப்புகள் அனைவரும் பதவி விலகல் கடிதம் நீட்டினர்.

கால் கழுவியதைவிட இக்கடிதத்தையே நாம் பணிவு என்போம். அதில் ஒளிவிளக்கில்லை, பாடற்குழுவில்லை. ஒரு தலைவன், 'நான் தவறினேன்' என்று தன்னால் புண்பட்டவரிடமே கூறுகிறான். 2025 ஏப்ரலில் மறைந்த அவருக்கு இப்பெருமை உரியதே. ஆயினும் அப்பணிவு பீடத்தில் தானாக ஊறவில்லை. கறுப்புடைக்காரரும் பத்திரிகைகளும், பொய்யர் எனப்பட்டும் அஞ்சாதோரும் அதை ஊற வைத்தனர். பாரோசின் விலகல் ஏற்கப்பட்டது 2018 ஜூனில். ஓசோர்னோ மக்கள் தெருவில் நின்றது மூன்றாண்டுக்கு மேல்.