ஐந்து நட்சத்திரமும் ஜிமெயில் சாவியும்

வெர்ச்சுவல் அசிஸ்டன்ட், அதாவது தொலைவிலிருந்தே இணையம் வழியாக அலுவலக வேலை பார்த்துக் கொடுக்கும் உதவியாளர், ஆவது எப்படி என்று வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள். சான்றிதழ் வாங்கு, அப்வொர்க், ஃபைவர் போன்ற இணைய வேலைத் தளங்களில் கணக்குத் திற, முதல் சில வேலைகளை அடிமாட்டு விலைக்குச் செய்து கொடு, ஐந்து நட்சத்திரங்கள் சேர்ந்துவிட்டால் வாடிக்கையாளர் தானாக வருவார். இதில் எது தேறும், எது தேறாது?

லோகோ வரைந்து தருகிறவரின் வேலையைப் படத்தைப் பார்த்தே எடை போட்டுவிடலாம். வெர்ச்சுவல் அசிஸ்டன்ட் விஷயத்தில் அது நடக்காது. டெக்சாஸில் வீடு விற்றுக் கொடுக்கும் ஒருவர், மதுரையில் இருக்கும், முகம் பார்த்திராத ஒருவரிடம் தன் மின்னஞ்சலையும் காலண்டரையும் வாடிக்கையாளர் பட்டியலையும், சில சமயம் கிரெடிட் கார்டையும்கூட ஒப்படைக்கிறார். எக்செல் தெரியுமா என்பது அவருக்கு இரண்டாவது கவலை. இந்த ஆளை உள்ளே விடலாமா என்பதுதான் முதல் கவலை. நம்பகத்தன்மைக்கென்று சொல்லப்படும் ஒவ்வொரு வழியும் இந்த முதல் கவலையைத் தீர்க்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சான்றிதழை நீண்ட நேரம் பரிசீலிக்க வேண்டியதில்லை. திறமை இல்லாதவருக்குக் கிடைப்பது கடினமாக இருக்கும்போதுதான் ஓர் அடையாளத்துக்கு மதிப்பு என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இலேயே எழுதிவிட்டார். பணம் கட்டியவர் எல்லோரும் தேறுகிற வகுப்பின் சான்றிதழ் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. கணக்கெழுதும் வேலைக்குக் குவிக்புக்ஸ் போன்ற மென்பொருளில் தேர்வு எழுதித் தேறியிருந்தால் அது வேறு கதை.

குறைந்த கூலி என்ற ஆலோசனை இன்னும் மோசம். தரத்தை அறிய வழியில்லாத சந்தையில் நல்ல சரக்கும் கெட்ட சரக்கும் ஒரே விலைக்குப் போகும், நல்ல சரக்கு மெல்ல மெல்ல வெளியேறும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்களை வைத்து 1970இல் காட்டினார். வாங்குபவருக்குத் தரம் தெரியாதபோது விலையே ஒரு தகவலாகிவிடுகிறது. மணிக்கு இரண்டு டாலர் கேட்கிறவரிடம் யார் தன் இன்பாக்ஸைத் திறந்து கொடுப்பார்? கூலியில் கை வைக்காமல் வேலையின் அளவைச் சுருக்குவதே புத்திசாலித்தனம். 'ஒரு வாரம், இன்பாக்ஸில் தேங்கியிருப்பதைத் தரம் பிரித்துத் தருகிறேன், இவ்வளவு கட்டணம், பிடித்தால் தொடரலாம்' என்று கேட்டால் வாடிக்கையாளருக்கு ஆபத்து குறைகிறது, உங்கள் விலையும் நிற்கிறது.

நட்சத்திரத்தை அப்படிச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. அதற்குச் சான்று இருக்கிறது. பின்னாளில் எலான்ஸுடன் இணைந்து 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறிய ஓடெஸ்க் தளத்தில் அமாண்டா பாலே என்ற பொருளியலாளர் ஒரு சோதனை நடத்தி 2014இல் வெளியிட்டார். டேட்டா என்ட்ரி வேலைக்கு 952 பேரைக் குலுக்கல் முறையில் அமர்த்தி, சிலரைப் பற்றிச் சுருக்கமாகவும் சிலரைப் பற்றி விரிவாகவும் எல்லோரும் பார்க்கும்படி மதிப்புரை எழுதினார். வேலை கிடைத்ததே அவர்களின் பின்னாளைய வாய்ப்புகளைக் கூட்டியது. விரிவான மதிப்புரை அதற்கு மேலும் உதவியது. ஆக, முதல் வேலையும் அதைப் பற்றி இன்னொருவர் பொதுவில் எழுதிய வாக்கியங்களும் வெறும் அலங்காரம் இல்லை. வகுப்பு நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் சரிதான்.

ஆனால் சோதனையில் கூடுதலாக உதவியவை வாக்கியங்கள். நட்சத்திரமோ நாளுக்கு நாள் மலிந்துவருகிறது. இணைய வேலைச் சந்தை ஒன்றின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த ஃபிலிப்பாஸ், ஹார்ட்டன், கோல்டன் மூவரும் 2022இல் காட்டியது இதைத்தான்: பொதுவில் தரும் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது, ஊழியர் கண்ணில் படாமல் தனியாகத் தரும் கருத்து அந்த அளவுக்கு ஏறுவதில்லை. முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல விரும்புவதில்லை, நம் கல்யாணப் பந்தியில் சாப்பாடு எப்படி என்று கேட்பதைப் போல. அப்வொர்க்கும் இதை உணர்ந்துதான் வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் தனியாக ஒரு கருத்துக் கேட்டு, அதையும் ஜாப் சக்சஸ் ஸ்கோர் என்ற தன் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்கிறது. ஐந்து நட்சத்திரம் வாங்கியும் ஸ்கோர் ஏன் இறங்கியது என்று குழம்புகிறவர்கள் பலர். விடை அங்கே இருக்கலாம்.

செலவுக் கணக்கும் உண்டு. அப்வொர்க்கில் விண்ணப்பம் போடவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களை வாங்க வேண்டும், ஒன்று 0.15 டாலர். விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு கனெக்ட்ஸ் என்று வைத்தாலும் 25 விண்ணப்பத்துக்கு 45 டாலர் போய்விடும். வேலை கிடைத்த பிறகு தளத்தின் பங்கு தனி. அங்கே அறிமுகமான வாடிக்கையாளரோடு இரண்டு ஆண்டுக்குள் வெளியே நேரடியாகத் தொடர வேண்டுமானால் அதற்கொரு கட்டணம் கட்ட வேண்டும், கட்டாமல் போனால் விதிமீறல். சேர்த்துவைத்த நட்சத்திரங்களை வேறு தளத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது.

இன்னொரு வழி பரிந்துரை. பாலேயும் எமிலி கிளாஸ்பெர்க் சாண்ட்ஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அதே ஓடெஸ்க்கில் பரிந்துரை பெற்று வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்தார்கள், இடையில் விட்டுப் போவதும் குறைவு என்று கண்டது. சுயவிவரத்தில் தெரியாத ஏதோ ஒன்றைப் பரிந்துரை சொல்கிறது. உள்ளே விடலாமா என்ற கேள்விக்கு, ஏற்கெனவே உள்ளே விட்டுப் பார்த்த ஒருவரின் வாயிலிருந்து பதில் கிடைக்கிறது. குறை என்னவென்றால், இது இருப்பவருக்கே மேலும் கொடுக்கும் வழி. நியூஜெர்சியில் சித்தப்பா வைத்திருப்பவருக்கும், ஊரில் கடவுச்சீட்டே எடுக்காத குடும்பத்திலிருந்து வருபவருக்கும் இது ஒன்றல்ல. பின்னவருக்கு ஏஜென்சி ஒன்றில் சேர்வது தற்காலிக உதவி. கிறிஸ்டோபர் ஸ்டாண்டனும் கேத்தரின் தாமஸும் செய்த ஆய்வில், ஏஜென்சியின் பெயர் புதியவர்களுக்கு முதல் வேலையும் கூடுதல் கூலியும் வாங்கித் தந்தது. சொந்தப் பெயருக்கு நல்ல மதிப்புரை வந்ததும் அந்த அனுகூலம் தேய்ந்தது.

இந்த வழிகளைப் பற்றி நிறையப் பேசுகிறவர்கள், விண்ணப்பத்துக்குள்ளேயே நம்பிக்கையைக் காட்டுவது எப்படி என்பதை விட்டுவிடுகிறார்கள். நியூயார்க்கில் இருக்கும் ஒருவர், லண்டன் கூட்டாளியோடு வாராவாரம் காலை 10 மணிக்குப் பேசுகிறார், காலண்டரைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார் என்று வையுங்கள். 'அன்புள்ள ஐயா, நான் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்' என்று தொடங்கும் விண்ணப்பங்கள் வந்து குவியும். யாரோ ஒருவர் மட்டும் இப்படி எழுதுகிறார்: 'அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் மாறுகிறது, பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறும். இடைப்பட்ட நாட்களில் உங்கள் கூட்டாளிக்கு அது 3 மணிக்குப் பதில் 2 மணி ஆகிவிடும். அவருக்கு இப்போதே ஒரு வரி எழுதிவைக்கலாமா?' அவருக்கு அனுபவம் எத்தனை ஆண்டு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்தது மாதிரி வேலை. பழைய வாடிக்கையாளரின் மின்னஞ்சலையோ விற்பனைப் பட்டியலையோ பெயரை அரைகுறையாக மறைத்துப் போர்ட்ஃபோலியோவில் வைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நாளை என் கடிதமும் இப்படித்தான் காட்சிக்கு வரும் என்றுதான் புதிய வாடிக்கையாளருக்குத் தோன்றும். கற்பனைப் பெயர்களில் தானே உருவாக்கிய ஒரு இன்பாக்ஸ், அதைப் பிரித்த முறை, ஒரு பயணத் திட்டம், இவை போதும். 'உண்மையான ஆவணங்களை நான் யாருக்கும் காட்டுவதில்லை' என்ற ஒரு வரி, காட்டிய ஆவணங்களைவிட அதிகம் பேசும்.

கடவுச்சொல் விஷயம் இதைவிடக் கூர்மை. வாடிக்கையாளர் அவசரத்தில் பாஸ்வேர்டையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். வாங்கிக்கொள்ளாமல், 'ஜிமெயிலில் டெலிகேட் என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் என்னைச் சேருங்கள். நான் படிக்கலாம், பதில் அனுப்பலாம், பாஸ்வேர்டை மாற்ற முடியாது, வேண்டாதபோது ஒரு நொடியில் நீக்கிவிடலாம்' என்று சொல்பவரிடம்தான் பிறகு கார்டு எண்ணும் வந்து சேரும். எந்த நட்சத்திரமும் இந்தக் குணத்தை அளப்பதில்லை.

என் தீர்ப்பு: வகுப்புச் சான்றிதழுக்கும் அடிமாட்டு விலைக்கும் பூஜ்யம். அப்வொர்க் போன்ற தளம் ஆரம்பத்துக்கு மட்டும் தேறும், அதுவும் பரிந்துரைக்க ஆளில்லாதவருக்கு. இரண்டு மூன்று வேலைகளை எடுத்து, முடிந்ததும் வாடிக்கையாளரிடம் நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் நீங்கள் எந்தச் சிக்கலைத் தீர்த்தீர்கள் என்று நான்கு வரி எழுதச் சொல்லி வாங்க வேண்டும். பிறகு அவர் வழியாக வரும் பரிந்துரைகளை நம்பியே பிழைப்பு நகர வேண்டும். அதற்கு அடிப்படை, வாடிக்கையாளர் தர முன்வருவதைவிடக் குறைவான அனுமதியோடு வேலையை முடித்துக் காட்டும் பழக்கம்.

இந்தத் தீர்ப்பு செல்லாத இடம் ஒன்று உண்டு. யாருடைய இன்பாக்ஸுக்குள்ளும் போகத் தேவையில்லாத வேலைகள், அதாவது பிடிஎஃப்பைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவது, கடையின் பொருட்படங்களுக்குப் பெயர் போடுவது, இணையத்தில் முகவரி தேடித் தொகுப்பது. அங்கே வேலை கொடுப்பவர் விலையையும் நட்சத்திரத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார், அதில் தவறும் இல்லை. அந்த வேலைக்கும் சான்றிதழ் வகுப்பில் கட்டிய பணம் தண்டம்தான்.