சுற்றுலாக் கப்பலும் துப்பறிவோனும்

துப்பறியும் நாவல் என்றதும் முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். பொழுதைக் கொல்லும் சரக்கு என்பது அவர் கூற்று. அதை நாம் ஏற்பதற்கில்லை. எர்ல் டெர் பிகர்ஸ் என்னும் அமெரிக்கர் 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சார்லி சான் கேரீஸ் ஆன்' என்ற நூலையே எடுத்துக்கொள்வோம்.

உலகைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட அமெரிக்கர் கூட்டமொன்று லண்டனில் தங்குகிறது. ஒரு நாட்காலையில் அவர்களுள் முதியவர் ஒருவர் விடுதியறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறார். ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் டப் விசாரிக்கிறார். தக்க சான்று கிட்டாமையால் எவரையும் நிறுத்தி வைக்க இயலவில்லை. கூட்டம் பயணத்தைத் தொடர்கிறது; கொலைஞனும் உடன் செல்கிறான். நீஸ், சான் ரெமோ என்று வழியெங்கும் உயிர்கள் மடிகின்றன. ஹோனலூலுவில் டப் சுடப்படவே, அவர் நண்பர் சார்லி சான் கப்பலேறுகிறார். சான் பிரான்சிஸ்கோ கரை தட்டுமுன் குற்றவாளியைக் கண்டாக வேண்டும். அவன் யாரென்று நாம் சொல்லப்போவதில்லை.

நூலின் வலிமை இவ்வமைப்பிலேயே இருக்கிறது. ஊர்கள் மாறினும் பெயர்ப்பட்டியல் மாறுவதில்லை. ஆகவே வாசகரும் ஒவ்வொருவராய் எடைபோட்டு, ஊகத்தைத் தள்ளிச் சான்றைத் தேடப் பழகுகிறார். இப்பழக்கம் வீண் அன்று.

குறையும் உண்டு. சானைப் பழமொழி உதிர்க்கும் பொம்மைபோல் ஆசிரியர் பேசவைக்கிறார். அப்பாத்திரத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் சாங் அப்பானா, கரும்புத் தோட்டங்கள் மலிந்த ஹவாய்த் தீவில் சீனக் குடியேறிகளுக்குப் பிறந்தவர், மாடு மேய்த்தவர், 1898-இல் போலீசில் சேர்ந்து, கையில் சாட்டையோடு குற்றவாளிகளைப் பிடித்தவர். 1931-இல் இக்கதை படமானபோதும் சானாக நடித்தவர் வார்னர் ஓலண்டு என்னும் ஸ்வீடன் நாட்டவரே. தோட்டத்து மண்ணில் விளைந்த வீரனுக்குத் தன் முகங்கூட மிஞ்சவில்லை!

கிரியான் ஆற்றங்கரையில், பண்டார் பாருவில் அமர்ந்து இந்நூலைப் படிக்கும் நமக்கு வேறொரு நினைவும் எழாமலிராது. நம்மவரும் கூட்டமாகவே கடல் கடந்தனர். நாகப்பட்டினத்தில் ஏறிக் கப்பல் தளத்தில் முடங்கிப் பினாங்கில் இறங்கினர். பின்னர், ஜப்பானியர் காலத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பசியிலும் பேதியிலும் அடியிலும் மாண்டவர் எண்ணற்றோர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. நம் தொழிலாளிக்கு அவ்வரிசை எங்கே?

செல்வர் ஒருவர் இறந்ததற்காகக் கதையில் பாதி உலகம் அலசப்படுகிறது. அது தகும், எவ்வுயிரும் கணக்குக் கேட்கப்பட வேண்டியதே. ஆனால் நம் கதையில் கொலைஞன் யாரென்பது மர்மமன்று. மாண்டவர் யார் யார் என்பதே மர்மம். தோட்டந்தோறும் முதியோர் வாய்மொழியைக் கேட்டெழுதி, பெயர் பெயராய் அப்பட்டியலைத் துப்பறிந்து தரும் எழுத்தாளர் நம்மிடையே தோன்றுவாராக. அந்நூலை நாம் முதலில் வாங்கிப் படிப்போம்.