கேசரிப் பருப்பு: நஞ்சா, உணவா?

கேசரிப் பருப்புன்னா ரவா கேசரி இல்லைங்க. துவரம்பருப்பு மாதிரியே இருக்கும், அதில் கலப்படமும் செய்வாங்க. இதையே மாசக்கணக்கில் முக்கிய உணவாகச் சாப்பிட்டால் கால்கள் விறைத்துச் செயலிழக்கும்.

அதற்குக் காரணமான நரம்பு நஞ்சை 1964-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிரித்தெடுத்த மூவரில் ஒருவர் எஸ்.எல்.என். ராவ். குளூட்டமேட் போல நடித்து நரம்பணுக்களை அளவுமீறித் தூண்டும் அமினோ அமிலம் அது.

அதே ராவ் 2011-இல் அதன் நல்ல பக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஜின்செங் மூலிகையிலும் இதே பொருள் இருக்கு. பலவகை உணவோடு அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை என்பது அவர் வாதம். தன் கண்டுபிடிப்பையே 47 வருஷம் கழித்து மறுபடி எடைபோடும் நேர்மை அபூர்வம்.

ஆனா, அளவாகச் சாப்பிட யாரால முடியும்? மத்திய இந்தியாவில் கொத்தடிமைகளுக்குக் கூலியாகவே இந்தப் பருப்பைக் கொடுத்தாங்க. பஞ்சத்தில் மற்ற பயிர் காய்ந்தபோது மிஞ்சியதும் இதுதான்.

ஆரணியில் எங்க தெருவில் குழித்தறிச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இதைப் படித்தேன். மிதிக்கும் கால் போனால் இங்கே நெசவே இல்லை. ராவ் சொல்வதை ஏத்துக்கிறேன், அரிசியும் காயும் வாங்கக் கூலி கிடைக்கிற வீட்டுக்கு மட்டும்.