துணி மேல் போடும் பழி

கழுவிய காரை எதைக் கொண்டு துடைப்பது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. அடுக்ககங்களின் கார் நிறுத்தத்தில் பழைய பனியன் துணி, வாட்டர் வாஷ் கடைகளில் மஞ்சள் ஷாமி, காரின் மேல் உயிரையே வைத்திருப்பவர்களிடம் தடித்த மைக்ரோஃபைபர் துண்டு. மூவரும் துணியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் பெயின்ட்டைக் கீறுவது பெரும்பாலும் துணி அல்ல, கழுவியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மணல்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் கனம். தலைமுடியை விட மெலிது. தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் துகளோ, கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. சாதாரணக் கத்தியையே அது கீறிவிடும். துணிக்கும் பூச்சுக்கும் நடுவே அப்படி ஒரு துகள் மாட்டி, மேலே கையும் அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க் விளக்கின் கீழே பானெட்டில் சிலந்தி வலை போலத் தெரிபவை இந்தக் கோடுகள்தான். அவை வட்டமாகத் தெரிவதால் வட்டமாகத் துடைத்ததுதான் தப்பு என்கிறார்கள். அது பாதி உண்மை. எல்லாத் திசையிலும் கிடக்கும் கீறல்களில் ஒளிக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போலத் தோன்றுகிறது. நேராகத் துடைத்தால் கீறல் குறைவான கோணங்களில் கண்ணில் படும், அவ்வளவே. விழாமல் இருக்காது.

அப்படியானால் தொடவே வேண்டாம், தானாகக் காயட்டும் என்பது நியாயமாகப் படும். மழைத்தண்ணீர் போல உப்பில்லாத நீராக இருந்தால் அது சரி. சென்னையின் பல பகுதிகளில் காரில் ஊற்றுவது போர்வெல் தண்ணீர். நீர் ஆவியானதும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் வெள்ளை வட்டங்களாகத் தங்கும். கருப்புக் காரை வெயிலில் விட்டால் பூச்சுக்குள்ளேயே தடம் பதித்துவிடும். பிறகு அதை எடுக்க பாலிஷ் போட வேண்டும்; பாலிஷ் என்பது அந்த மெல்லிய பூச்சையே இன்னும் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். ஆகவே இந்த ஊரில் துடைக்காமல் இருப்பதும் ஆபத்து.

ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் காருக்கு ஊற்றும் வீடுகள் பல. வீணாக்காத மனதைப் பாராட்டலாம். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. சேற்றை ஊற வைக்க அது போதும். கடைசி அலசலுக்கு வேண்டவே வேண்டாம். அதற்கு வடிகட்டிய தண்ணீரே இரண்டு குவளை கிடைத்தால் உத்தமம்.

துணிகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஷாமி நன்றாக உறிஞ்சும், பிழிந்தால் மறுபடி தயார். ஆனால் அதன் மேற்பரப்பு வழவழப்பாகத் தட்டையாக இருப்பதால் துகளுக்கு ஒதுங்க இடமில்லை; பூச்சின் மேலேயே இழுபடும். ரப்பர் பிளேடில் இந்தக் குறை இன்னும் மோசம். மைக்ரோஃபைபரின் இழைகளுக்குள் துகள் கொஞ்சம் உள்வாங்கும், அதனால் என் ஓட்டு அதற்கே. ஆனால் உள்ளே வாங்கியதை அது எளிதில் விடாது. தரையில் விழுந்த துண்டை உதறிவிட்டு மீண்டும் காரில் வைப்பவர், பனியன் துணிக்காரரைக் குறை சொல்ல முடியாது. துவைக்கும்போது வாசனைக்காக மென்மையூட்டி ஊற்றினால் இழைகளில் படலம் படிந்து, உறிஞ்சும் சக்தியும் போய்விடும்.

காற்றடித்து உலர்த்துவது கண்ணாடி மடிப்பு, கைப்பிடி, நம்பர் பிளேட் போன்ற இடுக்குகளுக்கு அருமை. முழு காருக்கும் என்றால், தரைப் புழுதியைக் கிளப்பி ஈரத்தின் மேலேயே படிய விடும் வாய்ப்பும் உண்டு.

உண்மையில் அதிகம் உதவுவது செலவில்லாத ஒன்று. ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து மெதுவாகத் தண்ணீரை வழிய விட்டால், அது துளிகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்கும். மிச்ச ஈரத்துக்குத் துண்டை விரித்துப் போட்டு, அழுத்தாமல் எடுத்தால் போதும்.

இதையெல்லாம் ஒரு வாளி, ஒரு துணியோடு விடியற்காலையில் வரிசையாகக் கார்களைத் துடைத்துக்கொண்டு போகிறவரிடம் எதிர்பார்ப்பது அநியாயம். தினமும் துடைக்க வேண்டாம், அதே சம்பளத்துக்கு வாரம் ஒருமுறை நிதானமாகக் கழுவிக் கொடுங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டியது கார்க்காரர்தான். அதைச் சொல்ல மனம் வருவதில்லை. புழுதியோடு கார் நிற்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். கீறல் வெயிலில்தானே தெரியும்.