அழகு மேடையில் வினாவும் விடையும்

அழகிப் போட்டியைப் பற்றிப் பள்ளி ஆசிரியன் ஒருவன் எழுதுவதா என முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். மேனியழகை அளக்கும் தகுதி எனக்கில்லை; அதில் நாட்டமும் இல்லை. ஆயின், அப்போட்டியின் இறுதியில் ஒரு வினா கேட்கப்படுகிறது. வினாவும் விடையும் என் தொழில். ஆதலின், அந்த ஒரு பகுதியை மட்டும் ஆராயத் துணிந்தேன்.

1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாங் பீச் நகரில் தொடங்கிய பிரபஞ்ச அழகிப் போட்டியாயினும், அதையொத்த பிற போட்டிகளாயினும், நடைமுறை ஏறக்குறைய ஒன்றே. இறுதிக்கு எஞ்சிய பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஒலிபெருக்கிமுன் வந்து நிற்பர். நடுவர் கேட்பார். விடை கூறக் கிடைப்பது பெரும்பாலும் அரை நிமிடமே. அந்த அரை நிமிடத்தை எவ்வாறு மதிப்பிடுவது?

பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்திருப்பதை நம் மாணவரும் அறிவர். விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரே விடையாவன. ஏனைய ஐந்தும் சுற்றி வருவன; எனினும், கேட்டவர்க்கு வேண்டிய பொருளை அவையும் தருதலின் விடையெனவே கொள்ளப்பட்டன. எனக்கு இந்த அளவுகோல் ஒன்றே போதும். கேட்ட பொருள் கிடைத்ததா, இல்லையா?

1994-இல் மணிலாவில் இந்தியாவின் சுஷ்மிதா சென்னிடம், பெண்ணாயிருத்தலின் சாரம் யாது என்று கேட்டனர். பெண்ணாயிருப்பது இறைவன் கொடை. குழந்தையின் தோற்றுவாய் தாய். அன்பும் பகிர்தலும் பரிவும் இன்னவென ஆணுக்குக் காட்டுபவள் பெண். அதுவே சாரம் என்றார் அவர். அன்று நான் புதிய ஆசிரியன், கைதட்டியவர்களில் ஒருவன். வினாவில் இருந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதே சொல்லிற் கொண்டுவந்து முடித்தார். வினா அவர் காதில் விழுந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும், இன்று எண்ணிப் பார்க்கையில் அவ்விடை குறுகியதாகவே தோன்றுகிறது. தாயாகாத பெண்ணுக்குச் சாரம் இல்லையா? 2000-இல் மணம் புரியாமலே ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்துத் தாயானார் அவர். மேடையிற் சொன்ன விடையினும் வாழ்ந்து காட்டிய விடை விரிந்தது என்பேன்.

2000-இல் நிக்கோசியாவில் லாரா தத்தாவுக்கு வந்ததோ வினாவே அன்று. இப்போட்டி பெண்களை இழிவுபடுத்துகிறது என்று வெளியே மறியல் நடக்கிறது. அவர்கள் கருத்துத் தவறென அவர்களை ஒப்பச் செய்க என்றனர். இது கட்டளை. முடிவைக் கேட்பவரே வைத்துக்கொண்டு, காரணத்தை மட்டும் விடை சொல்பவர் தலையில் ஏற்றுவது. இத்தகைய மேடைகள் இளம் பெண்கள் தாம் விரும்பும் துறைகளில் முன்னேற வழி தருகின்றன, தம் எண்ணத்தைச் சொல்ல இடம் தருகின்றன என்றார் லாரா தத்தா. தெளிந்த பேச்சுத்தான், பட்டமும் கிடைத்தது. மறியல் செய்தோர் குற்றச்சாட்டுக்கோ அதில் மறுமொழி இல்லை. பயன்களை அடுக்கினார், இழிவு உண்டா இல்லையா என்பதைத் தொடவில்லை. இதில் அவரை நோவதினும் கேட்டவரையே நோக வேண்டும். எங்கள் பயிற்சிக் கல்லூரியில் இவ்வாறு வினாத் தொடுத்திருந்தால் விரிவுரையாளர் எங்களை உட்காரச் சொல்லியிருப்பார்.

உலகமே சிரித்த விடை ஒன்றுண்டு. 2007-இல் அமெரிக்கப் பதின்ம வயதினர் போட்டியில் தென் கரோலினாவைச் சேர்ந்த பெண்ணிடம், அமெரிக்கரில் ஐந்தில் ஒருவர்க்கு உலகப் படத்தில் தம் நாட்டைக் காட்டத் தெரியவில்லையாமே, ஏன் என்று கேட்டனர். சிலரிடம் படமே இல்லை என்று தொடங்கியவர், தென் ஆப்பிரிக்கா, ஈராக், ஆசிய நாடுகள், நம் பிள்ளைகளின் எதிர்காலம் என்று எங்கெங்கோ சென்றார். நன்னூலார் சொன்ன பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்திறுதல் என மூன்றேனும் அதில் உண்டு. சிரித்தவர்கள் ஒன்றைக் கவனித்திலர். படமே இல்லை என்னும் முதற் சொல் ஒரு விடைதான். எளிய விடை, ஆயினும் விடை. அங்கே நிறுத்தியிருக்கலாம். நேரம் மிஞ்சியது, வாய் வெறுமையாயிற்று. அந்த வெறுமைக்குள், பிறநாட்டார்க்கு உதவுதல், வருங்காலம் என முன்பே நெட்டுருச் செய்து வைத்தவை போன்ற தொடர்கள் தாமே வந்து புகுந்தன. வகுப்பறையில் நான் இதை நூறு முறை கண்டிருக்கிறேன். சில நாள் கழித்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அதே வினாவை அவரிடம் மீண்டும் கேட்டனர். பள்ளிகளில் புவியியலுக்கு இன்னும் முதன்மை தர வேண்டும் என்று திருத்தமாகவே சொன்னார். அப்பெண்ணிடம் அறிவு இல்லாமற் போகவில்லை.

2010-இல் பிலிப்பீன்சின் வீனஸ் ராஜிடம், வாழ்வில் செய்த பெரும் பிழை யாது, அதை எவ்வாறு திருத்தினீர் என்று வினவினர். பல நாட்டார் பார்க்க யார்தான் தம் பெரும் பிழையைச் சொல்வர்? இருபத்திரண்டு ஆண்டு வாழ்வில் பெரிதாக எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் தடுமாறிச் சொல்லி ஐந்தாம் இடம் பெற்றார். மறைத்தல் அவர் உரிமை; ஆனால் சிறு பிழை ஒன்றைச் சொல்லித் திருத்திய விதத்தைக் காட்டியிருந்தால் வினாவின் பிற்பகுதிக்கேனும் பொருள் கிடைத்திருக்கும். மறு ஆண்டு சாவ் பாவுலோவில், உடலுறுப்பில் எதை மாற்றுவீர் என்ற வினாவுக்கு அங்கோலாவின் லெய்லா லோபெஸ் போர்த்துகீசிய மொழியில் விடையிறுத்தார். இறைவன் படைத்தவாறே நிறைவாயிருக்கிறேன், எதையும் மாற்றேன் என்றார். நன்னூல் வழியிற் பார்த்தால் அது மறை விடை. தடுமாற்றம் எள்ளளவும் இல்லை. தமக்குப் பழகிய மொழியில் பேசியதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் துணிபு.

இவ்வளவு சொன்ன நான் என் குறையையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் தோட்டப் பள்ளி மாணவி ஒருத்தியைப் பேச்சுப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரு வினாக் கேட்பது அங்கு வழக்கம். பத்து வினாக்களை நானே ஊகித்து, பத்து விடைகளையும் தாளில் எழுதி நெட்டுருச் செய்வித்திருந்தேன். நடுவர் நல்லவர், குழந்தையைப் பார்த்துச் சிரித்து, "உன் தோட்டத்தில் உனக்குப் பிடித்த இடம் எதம்மா?" என்று கேட்டார். என் மாணவி கை கட்டி நின்று, சிக்கனத்தின் சிறப்பை ஒரு பிழையுமின்றி ஒப்புவித்தாள். அவையினர் சிலர் வாய்பொத்திச் சிரித்தனர். அவள் கீழிறங்கி வந்து, "அந்தக் கேள்வி நம்ம தாளில் இல்லீங்களே, ஐயா" என்றாள்.

அவள் செவியை அடைத்தவன் நான். பத்து விடைகளுள் எது வரும் என்று தேடிக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கேட்பவர் முகம் எங்கே தெரியப்போகிறது?

திரும்பும் வழியில் வேனில் அதே வினாவை நான் கேட்டேன். சற்றுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, கோயிலுக்குப் பின்னாலுள்ள சிற்றோடையையும், அங்கே தன் பாட்டி துணி துவைத்த கல்லையும், மழைக்காலத்தில் அந்தக் கல் நீரில் மறைந்து போவதையும், அது மீண்டும் தெரியும் நாளைத் தானும் தம்பியும் பந்தயம் வைத்து எண்ணுவதையும் சொல்லத் தொடங்கினாள். செம்பனைக் காட்டைக் கடந்து வேன் தோட்டத்து வாயிலில் வந்து நின்றபோதும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.