ஞானத்தாயும் தந்தையும்

சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பை 'ராக் அண்ட் ரோலின் ஞானத்தாய்' என்று புகழ்கிறார்கள். சக் பெர்ரியை அதே இசையின் 'தந்தை' என்கிறார்கள். இரண்டும் மரியாதைச் சொற்கள்தாம். ஆனால் ஞானத்தாய் என்பவள் யார்? ஞானஸ்நானத்தின்போது பிள்ளையை ஏந்தி நிற்பவள். பிள்ளை அவளுடையதல்ல, அவள் பெயரை அது சுமப்பதுமில்லை.

காலவரிசையோ வேறு கதை சொல்கிறது. 1915இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண், மாண்டலின் வாசித்து ஊழியம் செய்த தாயோடு சிறுமியாகவே கிதார் ஏந்தித் தேவாலயங்களில் பாடியவர். 1938இல் அவருடைய முதல் இசைத்தட்டுகள் பதிவாயின. 1947இல், ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைத் தன் மேடையில் பாடவைத்தார். அவன்தான் லிட்டில் ரிச்சர்ட். பெர்ரியின் முதல் வெற்றிப்பாடலான 'மேபலீன்' வெளியானது 1955இல்தான்.

1964இல், மான்செஸ்டரின் கைவிடப்பட்ட ரயில் நிலையமொன்றில், கிரனாடா தொலைக்காட்சிக்காக அவர் வாசித்த காட்சி இன்றும் காணக் கிடைக்கிறது. மேலங்கி அணிந்த பெண். தோளில் வெள்ளை எலெக்ட்ரிக் கிதார். பாட்டு வரி முடியுமிடத்தில் குரல் ஒதுங்கிக்கொள்ள, கிதார் ஒவ்வொரு சுரமாகப் பதில் சொல்கிறது. இங்கே கிதார் பாட்டுக்குப் பக்கவாத்தியமல்ல, இரண்டாவது குரல். இந்த வாசிப்பைத்தான் அன்று 'ஆணைப்போல வாசிக்கிறாள்' என்று பாராட்டினார்கள்.

1986இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த கலைஞர்களில் பெர்ரியும் ரிச்சர்டும் உண்டு. ஒரு பெண்கூட இல்லை. தார்ப் சேர்க்கப்பட்டது 2018இல், அதுவும் 'தொடக்ககாலத் தாக்கம்' என்ற பிரிவில். 'ரோலிங் ஸ்டோன்' இதழின் 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் 100 கிதார் கலைஞர்களுள் பெண்கள் இருவர், தார்ப் இல்லை. 2023இல் அதே இதழ் அவரை 6ஆம் இடத்தில் வைத்தது. 1973இலேயே இறந்துவிட்டவர் இடையில் புதிதாக எதையும் வாசித்துவிடவில்லை. மாறியவை கேட்கும் காதுகள்.

'தாக்கம்' என்ற சொல்லையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. மகன்களின் சாதனையால் தாயை அளக்கும் பழைய கோல் அதற்குள்ளும் ஒளிந்திருக்கிறது. எல்விஸுக்குப் பிடித்தவர், ரிச்சர்டை மேடையேற்றியவர் என்பவை உண்மைகளே. ஆனாலும் அவை அவருடைய இசையைப் பற்றிய விமர்சனம் ஆகிவிடா. இனி இவரைப் பற்றி எழுதும் மாணவி, 'யாரையெல்லாம் உருவாக்கினார்' என்று கேட்கும் முன், 'என்ன வாசித்தார்' என்று கேட்டுத் தொடங்கட்டும்.